தவணையும் மாணவரும்: காங்கேசன்துறைப் பகுதியின் பாடசாலை வாழ்வு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாறு பற்றி எழுதப்பட்டவை பல. மிசனரிமார் தொண்டு, நாவலரின் சைவக்கல்வி இயக்கம், சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் முயற்சிகள், இலவசக் கல்வி, பல்கலைக்கழக அனுமதிப் பிரச்சினை ஆகியன தனித்தனியே ஆராயப்பட்டுள்ளன. பாடசாலைகள் தத்தம் பொன்விழா, நூற்றாண்டு விழாக் காலங்களில் வெளியிட்ட மலர்களும் பெருந்தொகையின. எனினும் இவற்றுட் பெரும்பாலானவை நிறுவனங்களின் வரலாறாகவே அமைந்துள்ளன. அதிபர் வரிசை, கட்டட வளர்ச்சி, பரீட்சைப் பெறுபேறுகள், புகழ்பெற்ற பழைய மாணவர் ஆகியோர்பற்றி அவை விரிவாகக் கூறும். ஆனால் ஒரு சாதாரண மாணவன் ஒரு தவணைக் காலத்தை எவ்வாறு கழித்தான், விடியற்காலையில் எந்த வேலையைச் செய்துவிட்டுப் பள்ளிக்கு வந்தான், வகுப்பறையில் எங்கே இருந்தான், மத்தியானம் எதை உண்டான், இடைநடுவே அவன் நின்றுவிட்டபோது காரணம் யாது என்னும் வினாக்களுக்கு அவற்றில் விடை காண்பது அரிது.

இவ்வினாக்களை வடகரைத் துறைமுகப் பட்டினமாகிய காங்கேசன்துறையையும், அதனைச் சூழ்ந்த தெல்லிப்பழை, மாவிட்டபுரம், கீரிமலை, மயிலிட்டி முதலிய ஊர்களையும் கொண்ட வலிகாமம் வடக்குப் பகுதியை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பகுதியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. செம்மண் தோட்டச் செய்கை, கடற்றொழில், துறைமுகம், புகையிரதம், அரச பெருந்தொழிற்சாலை ஆகிய ஐந்தும் ஒருங்கே அமைந்த பிரதேசம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேறில்லை. அமெரிக்க மிசன் தனது கல்விப்பணியைத் தொடங்கிய இடமும் இப்பகுதியே. 1990க்குப் பின்னர் ஒரு தலைமுறைக்காலம் மாணவரே இல்லாது போன இடமும் இதுவே.

தவணை என்னும் கால அளவு

தவணை என்ற சொல் நமது பழைய வழக்கிற் கடனோடு தொடர்புடையது. கொடுத்த கடன் திரும்ப வேண்டிய கெடுவை அது குறித்தது. அச்சொல்லே ஈழத்துப் பாடசாலை வழக்கில் ஆண்டின் மூன்றிலொரு பகுதியாகிய கற்றற் காலத்தைக் குறிப்பதாயிற்று. சனவரி முதல் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர் வரை முதலாந் தவணை. அதன்பின் ஆவணி வரை இரண்டாந் தவணை. புரட்டாதி முதல் மார்கழி வரை மூன்றாந் தவணை என்பது நெடுங்காலம் நிலவிய பொது ஒழுங்காகும்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இத்தகைய கால அளவு இருக்கவில்லை. விசயதசமியில் ஏடு தொடக்கப்பெற்ற பிள்ளை, சட்டம்பியாரிடம் தன் திறனுக்கும் குடும்ப வசதிக்கும் ஏற்பக் கற்றது. ஒரு நூலைப் பாடஞ் சொல்லி முடித்தால் அடுத்த நூல். அறுவடை வந்தால் பள்ளி கலைந்தது; திருவிழா வந்தால் ஓய்ந்தது. அங்கு கற்றவர் யார் என்பது சாதியாலும் பாலாலும் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது என்பதை மறந்துவிடலாகாது. ஆயினும் அப்பள்ளியின் காலக்கணக்கு ஊரின் காலக்கணக்கோடு முரண்படவில்லை.

மிசன் பாடசாலையே மணியடித்துத் தொடங்கும் நாளையும், இடாப்பில் வரவு குறிக்கும் வழக்கத்தையும், தொடக்கமும் முடிவும் குறித்த தவணையையும் கொண்டுவந்தது. தவணையை முடிக்க வேண்டுமாயின் மாணவனுக்கு மூன்று வசதிகள் வேண்டும். பள்ளி நிலைத்து நிற்கும் ஓர் இடம் வேண்டும். உழைப்பினின்றும் விடுபட்ட கைகள் வேண்டும். வகுப்பறையில் மற்றவரோடு ஒப்ப அமர்வதற்கு ஓர் இருக்கை வேண்டும். இம்மூன்றும் எல்லாருக்கும் ஒரே காலத்திற் கிடைத்தனவல்ல. இவை யாருக்கு எப்போது கிடைத்தன, யாரிடமிருந்து எப்போது பறிக்கப்பட்டன என்பதே இப்பகுதியின் மாணவர் வாழ்வு பற்றிய வரலாற்றின் சாரம் எனலாம்.

விடுதியும் பெயரும் உணவும்

அமெரிக்க மிசனைச் சேர்ந்த டானியல் பூவர் 1816இல் தெல்லிப்பழையிற் குடியமர்ந்து, பாழடைந்து கிடந்த பழைய தேவாலயக் கட்டடங்களைத் திருத்திப் பாடசாலை தொடங்கினார். இன்றைய யூனியன் கல்லூரி தன் தோற்றத்தை இத்தொடக்கத்திலேயே காண்கிறது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. அடுத்த சில ஆண்டுகளில் மிசனின் கிராமப் பாடசாலைகள் நூற்றுக்கு மேற்பட்டனவாகப் பெருகின. பிரித்தானிய ஆள்பதி பாண்ஸ், 1820இல் மேலும் அமெரிக்க மிசனரிமார் வருவதைத் தடைசெய்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1833 வரை நீடித்த இத்தடை, உள்ளூர் இளைஞரையே ஆசிரியராகவும் உதவியாளராகவும் பயிற்றவேண்டிய தேவையை மிசனுக்கு மேலும் அழுத்தமாக உணர்த்தியது.

விடுதி வாழ்வு பற்றிய செய்திகளுள் இரண்டு சிறப்பாகக் கவனிக்கத்தக்கன. முதலாவது பெயர். விடுதியிற் சேர்ந்த பிள்ளையின் செலவை அமெரிக்காவிலிருந்த ஒரு தனியாரோ சபையோ ஏற்றுக்கொள்ள, அவ்வுபகாரியின் பெயரோ அவர் விரும்பிய பெயரோ பிள்ளைக்கு இடப்பட்டது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, சாள்ஸ் வின்சிலோ தாமோதரம்பிள்ளை என இன்று நாம் இயல்பாக வழங்கும் பெயர்கள் அக்காலத்து வழக்கத்தின் எச்சங்களே. ஒரு சிறுவன் பள்ளியிற் சேர்வதற்குத் தன் பெயரின் ஒரு பாதியைக் கொடுத்தான் என்பது இதன் பொருள். ஆனால் அவன் மறுபாதியை விட்டுவிடவில்லை என்பதும் அத்துணை முக்கியமானது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். பின்னர் சைவத்தையே சார்ந்தனர். பழந்தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையின் பணியை ஈண்டு விரித்துரைக்கத் தேவையில்லை.

இரண்டாவது உணவு. மிசன் வளவிற் சமைத்த உணவை உண்பது சாதியாசாரத்திற்கு முரண் எனப் பெற்றோர் கருதியமையால், தொடக்க காலத்திற் சமையலுக்கும் உண்பதற்கும் தனியேற்பாடுகள் செய்யவேண்டியிருந்தது. பிள்ளை ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் கற்கலாம். ஆனால் யார் சமைத்ததை யாரோடு இருந்து உண்பது என்பதில் ஊரின் கட்டளையே செல்லுபடியாகும் என்ற சமரசத்தின் மேலேயே நவீன கல்வி இங்கு வேரூன்றியது. நூற்றாண்டொன்று கழிந்தபின் அச்சமரசமே பெரும் பூசலாக வெடித்தது.

உடுவிலில் நிலைமை சற்று வேறானது. பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் அரிதாயிருந்த காலத்தில், மாணவிகளைத் திருமணம் வரை விடுதியிலேயே வைத்திருக்க மிசன் விரும்பியது. படிப்பை முடித்துக் கிறித்தவரை மணந்தோருக்குச் சீதனமாகச் சிறுதொகை வழங்கிய வழக்கமும் இருந்தது. சீதனமுறையைக் கொண்டே பெண்கல்வி புகுத்தப்பட்டமை நமது சமூகத்தின் வலிமையையும் அதன் வரம்பையும் ஒருங்கே காட்டுகின்றது. சைவப் பெண்களுக்கெனச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை நிறுவிய 1913ஆம் ஆண்டுவரை இப்பகுதியின் சைவக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளிற் பெரும்பாலோருக்கு மேல்வகுப்பு என்பது எட்டாததாகவே இருந்தது. பூப்பெய்தியதும் பள்ளி நின்றுவிடும் வழக்கம் அதன் பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தது.

புகையிரதமும் உத்தியோகமும்

1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை, மிசனின் வகுப்பு முறையையும் அச்சுப் பாடநூலையும் ஏற்று, சமய உள்ளடக்கத்தை மாற்றியது. மணியும் இடாப்பும் தவணையும் இவ்வாறு சைவர்க்கும் உரியனவாயின. 1910இல் பாவலர் தெ. அ. துரையப்பாபிள்ளை தெல்லிப்பழையில் நிறுவிய மகாஜனக் கல்லூரியும், காங்கேசன்துறையில் வளர்ந்த நடேஸ்வராக் கல்லூரியும், 1923இல் அமைந்த சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் முகாமையிற் பெருகிய தமிழ்ப் பாடசாலைகளும் இம்மரபின் விரிவே.

இக்காலத்து மாணவர் வாழ்வை மாற்றியமைத்த சாதனங்களுட் புகையிரதம் முதன்மையானது. குடாநாட்டின் உட்பகுதியில் 1902இல் ஓடத்தொடங்கிய வண்டி, 1905இல் காங்கேசன்துறை முதல் கொழும்புவரையான முழுப்பாதையாக நிறைவெய்தியது. இதனால் மாணவனின் உலகம் இருவகையில் விரிந்தது. காலை வண்டியில் ஏறிச் சுன்னாகம், கோண்டாவில், கொக்குவில் தாண்டி நகரக் கல்லூரிக்குச் சென்று மாலையில் மீளும் மாணவன் தோன்றினான். தண்டவாளத்தின் மறுமுனையிலிருந்த கொழும்பும், அதற்கப்பாலிருந்த மலாயாவும் படிப்பின் இலக்குகளாயின. கேம்பிரிட்ச் சீனியர், இலண்டன் மற்றிக்குலேசன் என்னும் பரீட்சைகளின் பெயர்கள் தோட்டக்காரர் நாவிலும் பயின்றன. லிகிதராகவோ புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவோ மலாயா சென்ற மகனின் மணியோடர், தம்பியின் பள்ளிக் கட்டணமாயிற்று. பென்சனோடு ஊர் திரும்பியவரின் கல்வீடு, அயலவர் பிள்ளைகளுக்குப் படிப்பின் பயனைக் கண்முன் நிறுத்தியது.

வரண்ட நிலத்தில், கிணற்றுநீரை நம்பிய சிறுதோட்டச் செய்கையையே ஆதாரமாகக் கொண்ட சமூகத்தில், உத்தியோகம் என்பது நிலத்தைப் பங்கிடாமலே குடும்பத்தைப் பெருக்கும் வழியாயிற்று. யாழ்ப்பாணத்தவரின் கல்வி வேட்கையை அவரது பிறவிக் குணமாகப் போற்றுவோர் இப்பொருளியல் அடித்தளத்தைக் காணத் தவறிவிடுகின்றனர்.

தோட்டமும் கடலும் பள்ளியும்

எனினும் உத்தியோகக் கனவு கண்ட குடும்பத்துப் பிள்ளையும் பள்ளி செல்வதற்கு முன் தோட்டத்தில் நின்றது. வலிகாமம் வடக்கின் செம்மண்ணிற் புகையிலை மாரிகாலத்தில் நடப்பட்டுச் சித்திரையை அண்டி வெட்டப்படுவது. முதலாந் தவணை முழுவதும் நீரிறைப்பின் காலம் என்பதே இதன் பொருள். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடித்து இறைக்க ஒருவர், வாய்க்காலில் வரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாறிவிட ஒருவர் எனக் குறைந்தது மூவர் வேண்டும். மூன்றாமவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையே. இருட்டோடு தொடங்கிய இறைப்பு முடிந்தபின்னரே பள்ளிக்குப் புறப்பாடு. தாமதமாக வந்தவன், வகுப்பிற் கண்ணயர்ந்தவன் என்று ஆசிரியராற் கண்டிக்கப்பட்ட பலரின் காலை இவ்வாறே கழிந்தது. மண்ணெண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் பரவியபோது, அது புகையிலைச் செய்கையைப் பெருக்கியதோடு சிறுவர் பலரின் காலைப்பொழுதையும் விடுவித்தது. கல்வி வரலாற்றில் நீரிறைக்கும் இயந்திரத்திற்கும் ஓரிடம் உண்டு.

கரையோரப் பிள்ளையின் நிலை வேறு. கடற்றொழில், தவணையைப் பின்பற்றுவதில்லை, காற்றையே பின்பற்றுவது. வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்க, சோளகத்தில் வேறு கரை நாடி வாடியமைக்கக் குடும்பங்கள் பெயர்ந்தன. வாடிக்குச் சென்ற குடும்பத்தின் பிள்ளை இடாப்பில் வராதவனாகப் பதியப்பட்டது. திரும்பியபோது வகுப்பு முன்சென்றிருந்தது. இதனைப் பெற்றோரின் கல்வி அக்கறையின்மை என்று விளக்கினோர் பலர். உண்மையில் மோதிக்கொண்டவை இரு நாட்காட்டிகளேயாம். தோட்டக்காரனின் நாட்காட்டிக்கும் பள்ளியின் நாட்காட்டிக்கும் இடையே கோயில் ஓரளவு பாலமிட்டது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் பெருந்திருவிழா ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு நிறைவெய்தும். தொடர்ந்து ஆவணி விடுமுறையில் நல்லூர்த் திருவிழா வரும். கடற்றொழிலாளியின் காற்றுக்கோ எந்த விடுமுறையும் வகுக்கப்படவில்லை.

இருக்கை

பள்ளி சென்றும் இருக்கை பெறாதோரின் வரலாறு தனியே கூறப்படவேண்டியது. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் பல பாடசாலைகளிற் சேர்க்கப்படவே இல்லை. சேர்க்கப்பட்ட இடங்களிலும் வாங்கு மற்றவர்க்கு, நிலம் அவர்க்கு என்பதே நடைமுறையாயிருந்தது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என்று 1920களின் இறுதியில் அரசு வற்புறுத்தியபோது, எதிர்ப்பு மனுக்கள் எழுந்தன. பிள்ளைகள் பள்ளியிலிருந்து மறிக்கப்பட்டனர். தாழ்த்தப்பட்டோரைச் சேர்த்துக்கொண்ட பாடசாலைகள் சில தீக்கிரையாக்கப்பட்டன. கல்வியைக் கண்ணெனப் போற்றிய சமூகம் பள்ளிக்குத் தீவைத்த செய்தி நமது விழா மலர்களிற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இதே காலத்தில் மாணவரிடையே மாற்றுக் குரலும் எழுந்தது. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாக வளர்ந்து, தீண்டாமை ஒழிப்பையும் தாய்மொழிக் கல்வியையும் பூரண சுயராச்சியத்தையும் வற்புறுத்தியது. 1927இற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு வரவழைத்தோரும், 1931இற் சட்டசபைத் தேர்தல் பகிஷ்கரிப்பை முன்னின்று நடத்தினோரும் இவ்வியக்கத்தினரே. கன்டி பேரின்பநாயகம் போன்ற இளம் ஆசிரியரும் மாணவரும் ஒரே மேடையில் நின்ற அவ்வியக்கத்திற் சமபந்தியும் ஒரு போராட்ட வடிவமாயிருந்தது. வட்டுக்கோட்டை விடுதியில் நூறாண்டுகளுக்கு முன் செய்துகொள்ளப்பட்ட சமரசத்தை மாணவரே முறித்தனர் என்பது இதன் வரலாற்று முக்கியத்துவம்.

ஆயினும் இருக்கைக்கான போராட்டம் அத்துடன் முடிவெய்தவில்லை. 1957இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிப் பதினோராண்டுகள் கழிந்தபின்னும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தினர் அகிம்சைப் போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. அவர்களை வாசலில் மறித்தோரின் தலைவராக நின்றவர் சி. சுந்தரலிங்கம். அவர் ஒருகாலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். உயர்கல்வி தானாகவே சமத்துவ நோக்கைத் தந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இதனினும் வெளிப்படையான மறுப்பு வேண்டுவதில்லை. அக்கோயிலுக்கு அணித்தாயிருந்த பாடசாலைகளில் அவ்வாண்டின் இரண்டாந் தவணையில் அருகருகே அமர்ந்து கற்ற பிள்ளைகள், மாலையில் வாசலின் இருபுறமும் பிரிந்து நின்ற பெற்றோரிடம் திரும்பினர் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல்வேண்டும்.

இலவசக் கல்வியும் சீமெந்து ஆலையும்

1945 ஒற்றோபர் முதலாந் திகதி, சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் திட்டப்படி பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. போதனை மொழி தாய்மொழியாகப் படிப்படியே மாறிற்று. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ் உதவி நன்கொடைப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசுடைமையாயின. கட்டணம் என்ற தடை நீங்கியதும், முன்னர் ஐந்தாம் வகுப்போடு நின்ற குடும்பங்களிலிருந்து முதன்முறையாக எஸ். எஸ். சி. வகுப்புவரை வந்தோர் பெருகினர்.

1950இற் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியமை இதனோடு சேர்த்து நோக்கற்பாலது. குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லை மூலப்பொருளாகக் கொண்ட இவ்வாலை, வடமாகாணத்தில் அரசு நிறுவிய பெருந்தொழிற்சாலைகளுள் முதன்மையானது. மாதச் சம்பளம் பெறும் தொழிலாளர் வர்க்கமொன்றை அது இப்பகுதியில் உருவாக்கியது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்தோர் அங்கு வேலைசெய்தனர். தந்தையின் சங்கு ஊதும் நேரமும் பிள்ளையின் மணியடிக்கும் நேரமும் முதன்முறையாக ஒத்துவந்தன. தோட்டத்திற்கோ வாடிக்கோ பிள்ளையை இழுக்காத வருமானம், தவணையை முழுமையாக முடிக்கும் மாணவரைத் தோற்றுவித்தது. 1956இல் யாழ்தேவி ஓடத்தொடங்கிய நிலையமும், கப்பல் வரும் துறையும், இரவும் பகலும் இயங்கிய ஆலையும் சேர்ந்து இப்பட்டினத்து மாணவனுக்கு யாழ்ப்பாணத்தின் வேறெந்த ஊரிலும் இல்லாத ஒரு கைத்தொழிற் சூழலை அளித்தன.

ஆனால் பாடத்திட்டம் அச்சூழலைக் கண்டுகொள்ளவில்லை. பள்ளி மதிலுக்கு அப்பால் உலைகள் எரிந்துகொண்டிருக்க, மாணவனின் கண் கொழும்பு எழுதுவினைஞர் சேவையின் மேலேயே நின்றது. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழின் முன்னிலைப் பாடங்களைப் புகுத்தி, பிரதேசத் தொழில்களை வகுப்பறைக்குள் கொணர முயன்றது. உத்தியோகக் கல்வியையே கல்வியெனக் கருதிய பெற்றோரும் ஆசிரியரும் அதனை ஐயத்தோடு நோக்கினர். தம் பிள்ளைகளை மீண்டும் குலத்தொழிலுக்கே தள்ளிவிடும் சூழ்ச்சியோ என ஒடுக்கப்பட்டோரும் அஞ்சினர். அவ்வச்சம் வரலாற்று ஆதாரமற்றதன்று. 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அம்முயற்சி கைவிடப்பட்டது.

இதனிடையே 1956இன் தனிச்சிங்களச் சட்டம் அரச உத்தியோகப் பாதையை அடைத்தது. எஞ்சியிருந்த விஞ்ஞானக் கல்விப் பாதையையும் தரப்படுத்தல் நெருக்கியது. 1971ஆம் ஆண்டுக்கான அனுமதியிற் பேராதனைப் பொறியியற் பீடத்திற்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தன. மொழியை அளவுகோலாக்கிய இவ்வேற்பாட்டின் அநீதி வெளிப்படை. 1974இல் வந்த மாவட்டப் பங்கீட்டு முறையோ வேறொரு சிக்கலைக் கொண்டது. அது யாழ்ப்பாண மாணவனைப் பாதித்தபோதும், ஆய்வுகூடமற்ற பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ், முசிலிம், சிங்கள மாணவருக்கு ஓரளவு வழி திறந்தது. யாழ்ப்பாண மாவட்டத்திற்கு உள்ளேயோ, நகரக் கல்லூரி மாணவனையும் கரையோரப் பள்ளி மாணவனையும் ஒரே தராசில் நிறுத்தியது. விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பள்ளியிற் பயின்றவனுக்கு 250உம் 227உம் ஒரே தொலைவிலேயே இருந்தன. தரப்படுத்தலுக்கு எதிரான நியாயமான மாணவர் எழுச்சி, இந்த உள்முரண்பாட்டைப் பேசாது விட்டமை அதன் வர்க்க வரம்பைக் காட்டுகின்றது. ரியூசன் கொட்டில்கள் பெருகியதும் இக்காலத்திலேயே. பள்ளிமணி ஓய்ந்தபின் கட்டணத்திற்குத் தொடங்கிய இரண்டாவது பள்ளி, இலவசக் கல்வியாற் குறைந்த இடைவெளியை மறுபடி அகலச் செய்தது.

இடம் இழந்த பள்ளி

1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது, பலாலிப் படைத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சூழ்ந்த ஊர்கள் எறிகணை வீச்சினால் வெறுமையாயின. ஆலை நின்றது; வண்டி நின்றது; பாடசாலைகள் இடம்பெயர்ந்தன. இரண்டாந் தவணையின் நடுவே மூடப்பட்ட வகுப்பறைகள், பின்னர் உயர் பாதுகாப்பு வலயம் எனப் பெயர்பெற்ற பிரதேசத்துள் அகப்பட்டன. நடேஸ்வராக் கல்லூரி மாணவர் தம் சொந்த வளவுக்கு மீள்வதற்கு 2016ஆம் ஆண்டுவரை, ஏறத்தாழ 26 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்விடைக்காலத்து மாணவர் வாழ்வு தனியாய்வுக்குரியது. பெயர்ந்த பள்ளி, பெயர்ப்பலகையோடு மற்றொரு பள்ளியின் வளவிலோ ஓலைக் கொட்டிலிலோ இயங்கியது. காலையில் உரிய பள்ளியும் பிற்பகலில் வந்த பள்ளியுமாக ஒரே கட்டடம் இருமுறை நிறைந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் அருமையாக, ஜாம் போத்தலிற் சிறிது எண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கே பரீட்சைக்காலத் துணையாயிற்று. 1995 ஒற்றோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, ஏற்கனவே இடம்பெயர்ந்திருந்த இம்மாணவர் மறுமுறையும் பெயர்ந்தனர். இத்தனைக்கும் இடையிலும் ஆசிரியர் இடாப்பைக் காவிச்சென்று வரவு குறித்தனர் என்பது வெறும் பழக்கத்தின் விளைவன்று. ஊர் இல்லாத நிலையில் அவ்விடாப்பே ஊரின் எஞ்சிய வடிவமாயிற்று. யார் வந்தார், யார் வரவில்லை என்பதை நாள்தோறும் எழுதிவைத்த ஆவணம் அப்பொழுது வேறொன்றும் இருக்கவில்லை.

இடப்பெயர்வு அனைவரையும் சமனாக்கியது என்று கூறுவோர் உளர். அக்கூற்று முழுமையானதன்று. உத்தியோகமும் உறவினரும் உடையோர் நகருக்கும், கொழும்புக்கும், கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பெயர்ந்தனர். மல்லாகம், சுன்னாகம் பகுதிகளின் முகாம்களில் இரு தசாப்தங்களுக்கு மேலாக எஞ்சியிருந்தோரிற் பெரும்பாலோர் நிலமற்ற கூலித்தொழிலாளரும் கடற்றொழிலாளருமே. இடமின்றிக் கற்றல் என்பது உயர்ந்தோர் எனப்பட்டவருக்குப் புதிய அவலம். நிலத்தில் இருத்தப்பட்டும் வாயிலில் மறிக்கப்பட்டும் வந்தோருக்கோ அது பழைய அவலத்தின் புதிய வடிவம்.

2009இல் யுத்தம் முடிந்தபின்னும் நிலம் உடனே மீளவில்லை. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டது. மக்களின் போராட்டங்களினதும் வழக்குகளினதும் பின்னரே பகுதி பகுதியாக விடுவிப்பு நிகழ்ந்தது. 2015 சனவரியில் காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. 2023இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. ஆனால் உறுதி உள்ள காணிக்கு உரியவர் திரும்ப முடிந்ததுபோல், உறுதியே இல்லாதிருந்தோர் திரும்ப முடியவில்லை. மீளத் திறக்கப்பட்ட பள்ளிகளில் வகுப்பறை உண்டு, வாங்கும் உண்டு; அமர்வதற்குரிய பிள்ளைகளின் தொகையே குறைவு.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளுக்கு வரலாம். முதலாவது, இப்பகுதியின் மாணவர் வாழ்வை நிர்ணயித்தவை பாடநூல்களும் அதிபர்களும் மட்டுமல்ல. துலா, காற்று, புகையிரதம், ஆலைச்சங்கு, எறிகணை ஆகியனவும் அதனை நிர்ணயித்தன. இரண்டாவது, இடம், ஓய்ந்த கை, இருக்கை ஆகிய மூன்றும் போராட்டத்தினால் விரிவடைந்தனவேயன்றிக் கல்வியின் இயல்பான வளர்ச்சியாற் கிடைத்தனவல்ல. மூன்றாவது, இன ஒடுக்குமுறையால் நேர்ந்த இழப்பைக் கூறும் வரலாறு, நமது சமூகத்துள்ளே நிகழ்ந்த மறுப்புகளையும் அதேயளவு தெளிவோடு கூறவேண்டும். ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பது வரலாறாகாது.

இவ்வரலாற்றை எழுதுவதற்கான மூலங்கள் நாளும் அருகி வருகின்றன. சேர்வு இடாப்புகளும் சம்பவத்திரட்டுப் புத்தகங்களும் பல பாடசாலைகளிற் கட்டடங்களோடு அழிந்தன. எஞ்சியவற்றைத் தேடிப் பிரதிசெய்தல் ஒரு பணி. அவற்றில் ஒருபோதும் பெயர் பதியப்படாதோரின் வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுதல் மற்றொரு பணி. துலா மிதித்தவரும், வாடிக்குச் சென்றதால் வகுப்பேறாதவரும், நிலத்தில் இருத்தப்பட்டவரும், முகாமில் விளக்கின்கீழ்ப் படித்தவரும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் வரலாற்றுத் துறை மாணவரும் ஒவ்வொரு விடுமுறையிலும் ஓர் ஊரைத் தெரிந்துகொண்டு, அங்குள்ள முதியோரிடம் அவர்கள் படித்த கடைசித் தவணை பற்றியும், அது ஏன் கடைசியாயிற்று என்பது பற்றியும் கேட்டுப் பதிவுசெய்வார்களாயின், விழா மலர்கள் கூறாத வரலாற்றின் கணிசமான பகுதி சில ஆண்டுகளில் நமக்குக் கிட்டும்.